கழுகுக்கண் சார்

அவருக்கு யாரும் எதையும் காட்டிவிட முடியாது. அவர் பார்த்தால்தான் அது இருக்கிறது. அவர் பார்க்கவில்லை என்றால் உலகத்திலேயே இல்லை. அவருக்குக் கீழே இரண்டரை வருடம் வேலை பார்த்தேன். "நான் கவனிக்கலம்மா" என்ற சொல்லை அவர் வாயிலிருந்து ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

பழங்காநத்தத்தில் மெத்தை, தலையணை விற்கும் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். இருபது கணினி, இருபது பேர், முக்கால்வாசிப் பெண்கள். தானாக ஓடும் கார்களுக்குப் பார்க்கக் கற்றுக்கொடுப்பது வேலை. சொல்லும்போது பெரிதாக இருக்கும், செய்வது சின்ன வேலை. காரின் முன்னால் பொருத்திய கேமரா எடுத்த வீடியோ வரும். அதைப் படம் படமாக நிறுத்தி, அதில் தெரியும் ஒவ்வோர் ஆளையும் மாட்டையும் ஆட்டோவையும் சுற்றி ஒரு கட்டம் போட வேண்டும். கட்டத்துக்கு ஓர் எண். ஆள் நகர நகரக் கட்டமும் நகர வேண்டும். அந்த ஆள் பஸ்ஸுக்குப் பின்னால் மறைந்து மறுபக்கம் வெளியே வந்தால் பழைய எண்ணையே கொடுக்க வேண்டும். மறைந்தவர்தான் வந்திருக்கிறார் என்று நமக்கு யோசிக்காமலே தெரிந்துவிடுகிறது. மெஷினுக்கு அவர் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறந்தவர். எங்களைப் போன்றவர்கள் போட்ட லட்சக்கணக்கான கட்டங்களைத் தின்றுதான் அது மெல்ல மெல்லப் பழைய ஆளை அடையாளம் கண்டுகொள்ளும்.

அந்தக் கட்டங்களைச் சரிபார்ப்பவர் சார். க்யூசி என்பார்கள். இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் கல்யாண ஆல்பம் தயாரிக்கும் ஸ்டுடியோவில் இருந்தார். மாப்பிள்ளை, பெண் முகத்தில் இருக்கும் மருவையும் பருவையும் கணினியில் அழிப்பது அங்கே அவர் வேலை. அழிப்பதில் நல்ல அனுபவசாலி என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொள்வோம்.

"எனக்குக் கழுகுக் கண்ணும்மா. ஆயிரம் ஆல்பம் பாத்த கண்ணு. ஒரு மரு தப்புனதில்ல" என்பார். வாரம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். புதிதாக யாராவது சேர்ந்தால் முதல் நாளே சொல்வார். அவர் அந்தப் பக்கம் போனதும் புதுப் பெண் எங்களைப் பார்ப்பாள். நாங்கள் கழுகு வானத்தில் வட்டமிடுவது போல ஒரு விரலைச் சுற்றிக் காட்டுவோம்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். கட்டத்தின் கோடு மயிரிழை விலகியிருந்தால் அவர் கண்டுபிடித்துவிடுவார். எங்களில் யாருக்கும் தெரியாத விலகல் அது. சைக்கிள் சக்கரத்தை ஒட்டி நிற்க வேண்டிய கோடு சக்கரத்தைத் தொட்டுவிட்டது என்று திருப்பி அனுப்புவார். பெரிதாக்கிப் பார்த்தால் தொட்டிருக்கும். முதலாளி அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம். முதலாளி பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர், முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. சாரை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார்.

அந்தப் பார்வைக்கு வெளியே அவர் நடந்துகொண்ட விதம்தான் எங்களால் சகிக்க முடியாதது. பக்கத்தில் வந்து நின்று வணக்கம் சொன்னால் திரும்ப மாட்டார். நேரே முன்னால் போய் நின்று சொன்னால் ஏதோ பெரிய மனது பண்ணித் தலையசைப்பார். நடக்கும் வழியில் நாற்காலி இருந்தால் அதில் இடித்துக்கொண்டு, "நடக்குற எடத்துல எவ போட்டது?" என்று கத்துவார். அது வாங்கிய நாளிலிருந்து அங்கேதான் கிடக்கும். ஒரு தடவை அவருடைய கை பட்டு என் தண்ணீர் பாட்டில் விசைப்பலகை மேல் கவிழ்ந்தது. மேசையைத் துணியால் துடைத்தது நான். திட்டு வாங்கியதும் நான்தான். "கண்ணு பொடதியிலயா இருக்கு ஒனக்கு? கைபடுற எடத்துலயா வைப்பாக?" என்றார். யாரையும் மதிக்காத திமிர் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தோம். படித்தவர்கள் இருபது பேர், அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை.

செல்வராணி வந்த பிறகுதான் விஷயம் முற்றியது.

அவள் திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கிராமத்திலிருந்து வந்தாள். அம்மா இப்போதும் நாற்று நடவும் களை எடுக்கவும் போகிறவர். அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். நான் மிஷன் பள்ளி குமாஸ்தாவின் மகள். எங்கள் வீட்டில் எதிர்த்துப் பேசாமல் இருப்பதைத்தான் நல்ல வளர்ப்பு என்று சொல்லித் தந்திருந்தார்கள். அவளுக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. என்னை அக்கா என்று கூப்பிடுவாள். என் பக்கத்து நாற்காலி அவளுடையது.

அந்தச் சமயத்தில் வெளிநாட்டு வாடிக்கையாளர் நம்மூர் ரோட்டு வீடியோக்களை அனுப்ப ஆரம்பித்தார்கள். சிம்மக்கல், ஆரப்பாளையம், பைபாஸ் என்று நாங்கள் தினமும் போய்வரும் இடங்களே திரையில் ஓடின. கூடவே ஒரு புது விதி வந்தது. படத்தின் ஓரத்தில் ஓர் ஆளின் கையோ காலோ தெரிந்தாலும் அந்தப் படத்திலிருந்தே கட்டம் போட வேண்டும். ஏன் என்று இரண்டு பக்கத்துக்கு விளக்கம் எழுதியிருந்தார்கள். மனிதக் கண் நடுவில்தான் கூர்மையாகப் பார்க்கும். ஆனால் ஓரத்தில் ஒன்று அசைந்தால், அது என்ன என்று தெரிவதற்கு முன்பே ஏதோ வருகிறது என்று சொல்லிவிடும். கார் அதைக் கற்றுக்கொள்ளாவிட்டால் குறுக்கே வருகிறவரைத் தாமதமாகத்தான் பார்க்கும் என்று இருந்தது.

செல்வராணி அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "இதுக்கா ரெண்டு பக்கம்? வரப்புல நேராப் பாத்து நடந்துக்கிட்டிருந்தாலும் சைடுல பாம்பு நெளிஞ்சா காலு தானா நின்னுருதுல்லக்கா. அது காருக்கும் வேணுமாம்."

பின்னால் நின்றுகொண்டிருந்த சார் அந்த விளக்கத்தைப் படித்திருக்கவில்லை. அதன் பிறகும் படிக்கவில்லை. "ஓரத்துல இருக்கறதெல்லாம் குப்ப. வேல நடக்கறது நடுவுல. ஓரத்துல கண்டதுக்கும் கட்டம் போட்டு எண்ணிக்கைய ஏத்தாதீக" என்றார்.

அந்த வாரமே அவள் போட்ட ஓரத்துக் கட்டங்கள் வரிசையாக அழிக்கப்பட்டுத் திரும்பி வந்தன. அவள் மறுபடி போட்டாள். அவர் மறுபடி அழித்தார். மூன்றாவது முறை அவளை எழுப்பி அவர் மேசைக்கு வரச் சொன்னார். நாங்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டோம்.

அது ஆரப்பாளையத்தில் எடுத்த வீடியோ. நடுவில் ஒரு டவுன் பஸ் கிளம்பிக்கொண்டிருக்கிறது. இடது ஓரத்தில் ஒரு ஷேர் ஆட்டோ நிற்கிறது. அதன் பக்கத்திலிருந்து மடக்கிய குடையோடு ஒரு பெரியவர் ரோட்டுக்கு இறங்குகிறார். முதலில் தோளும் ஒரு காலும் மட்டும்தான் தெரியும்.

"எங்க ஆளு? காட்டு" என்றார் சார்.

அவள் நிறுத்திய படத்தில் விரலை வைத்தாள். அவர் குனிந்து உற்றுப் பார்த்தார்.

"இது ஏதோ கம்பம்."

"கம்பம் இல்ல சார். கெழவரு. கொட வச்சிருக்காரு. ஓட்டிப் பாருங்க, எறங்கி வாராரு."

அவர் ஓட்டிப் பார்த்தார். திரைக்கு மிக அருகில் உட்கார்ந்து, நடுவில் இருந்த பஸ்ஸைப் பார்த்தபடி ஓட்டினார். மூன்று முறை ஓட்டினார். நான் இரண்டு மேசை தள்ளி இருந்து பார்த்தேன். மூன்று முறையும் அந்தப் பெரியவர் ஆட்டோவின் பக்கத்திலிருந்து தெளிவாக இறங்கி வந்தார்.

"எங்க அசையுது? ஆளுன்னா அசையணும்ல? நான் பாத்துட்டேன், அசையல." படம் முடியும் முன்பே நிறுத்திவிட்டார். "எண்ணிக்க காட்டுறதுக்காகப் பொய்க் கட்டம் போடுற. அதுல எனக்கே கதை வேற சொல்ற."

"பொய் சொல்லல சார். எங்கண்ணுக்குத் தெரியுது."

"நாத்து நடுற கண்ணு வேற, இது வேற. ஒன்னைச் சொல்லிக் குத்தமில்ல" என்றார்.

அவள் முகம் இறுகிப்போனது. திரும்பி எங்களைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்களேன். அந்தாளு வாராரா இல்லையா?" யாரையும் குறிப்பிட்டுக் கேட்கவில்லை. ஆனால் பார்வை கடைசியில் என்மேல் வந்து நின்றது. எனக்கு அப்போது வீட்டில் ஆயிரம் கஷ்டம், இந்த வேலை போனால் தாங்காது. நான் என் திரையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

பொய்க் கட்டம் போடுகிறாள் என்று அவர் முதலாளிக்கு எழுதிக் கொடுத்தார். இரண்டு நாளில் அவளைப் போகச் சொல்லிவிட்டார்கள். அதன்பிறகு ஓரத்தில் யாரும் கட்டம் போடவில்லை. சாருக்கு நிம்மதி. "இப்பத்தான் வேல சுத்தமா இருக்கு" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

நான்கு மாதம் கழித்து வாடிக்கையாளரிடமிருந்து கடிதம் வந்தது. எங்கள் வேலையை வைத்துப் பழக்கிய காரைப் பொம்மை மனிதர்களை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். நேரே நிற்கும் பொம்மைக்கு ஒழுங்காக நிற்கிற கார், பக்கவாட்டிலிருந்து வரும் பொம்மையை மோதிய பிறகுதான் நிற்கிறது. இப்படியே இருந்தால் எங்களோடு வேலை தொடராது என்று கடைசி வரியில் இருந்தது.

முதலாளி எங்களை மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டார். சார் முந்திக்கொண்டு, "பொம்பளப் புள்ளைக தம்பி. அரட்டதான். கவனமே இல்ல" என்றார்.

எனக்கு அந்தக் கணத்தில் துணிச்சல் வந்தது என்று சொல்ல மாட்டேன். பழி என் தலைக்கு வருகிறது என்ற பயம்தான் வந்தது. யார் கட்டம் போட்டார்கள், யார் அழித்தார்கள் என்று எங்கள் மென்பொருளில் பதிவு இருக்கும். அதைத் திறந்து முதலாளியிடம் காட்டினேன். ஓரத்துக் கட்டங்கள் நூற்றுக்கணக்கில் அழிக்கப்பட்டிருந்தன. எல்லாவற்றுக்கும் எதிரே சாருடைய பெயர்.

"அண்ணே, ஏன் அழிச்சீங்க?"

"அங்க ஒண்ணுமில்ல தம்பி. போட்டுப் பாருங்க."

சுவரில் இருந்த பெரிய டிவியில் அந்த ஆரப்பாளையம் வீடியோவையே போட்டார் முதலாளி. சாரை முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்தார். "அண்ணே, புதுசா யாரு உள்ள வந்தாலும் கையத் தூக்குங்க."

வீடியோ ஓடியது. பஸ் கிளம்பியது. இடது பக்கத்தில் பெரியவர் இறங்கினார். எங்கள் எல்லோருடைய தலையும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பியது. சாருடைய தலை திரும்பவில்லை. பெரியவர் குடையை ஊன்றி ஓர் அடி, இரண்டு அடி, மூன்று அடி வைத்தார். டிவியில் அவர் அரை ஆள் உயரத்துக்குத் தெரிந்தார். சாரின் கை மடியிலேயே இருந்தது. பெரியவர் ஏறக்குறைய பஸ்ஸுக்கு நேரே வந்த பிறகு சார் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து திடுக்கிட்டார்.

"எங்கருந்து வந்தான் இவன்?" என்றார்.

முதலாளி மறுபடி ஓட்டினார். மறுபடியும் அப்படியே. மூன்றாவது முறை ஓட்ட முதலாளிக்கு மனம் வரவில்லை. "அண்ணே, நாளைக்கு லீவு எடுத்துக்கிட்டு கண்ணாஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்க" என்று மெதுவாகச் சொன்னார்.

"எங்கண்ணுக்கு என்ன? டிவி சரியில்ல" என்று சொல்லிக்கொண்டே எழுந்தவர், திறந்திருந்த கதவின் விளிம்பில் தோளை இடித்துக்கொண்டு வெளியே போனார். அன்றைக்கு மட்டும் யாரையும் திட்டவில்லை.

பத்து நாள் கழித்து அவருடைய மேசைச் சாமான்களை எடுத்துப் போக மனைவி வந்தார். மெலிந்த, களைத்த முகம். கண்ணுக்குள் பிரஷர் கூடிப் பல வருடமாக நரம்பை அரித்திருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். ஓரப் பார்வை முழுக்கப் போய், குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுவில் கொஞ்சம்தான் மிச்சம். அந்த மிச்சத்தைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம், போனது போனதுதான். வலி கிடையாது, கறுப்பாகத் தெரிவதும் கிடையாது. இல்லாத இடத்தை மூளையே ஏதோ போட்டு நிரப்பிக்கொள்வதால் அவருக்கும் தெரியவில்லையாம்.

"வீட்டுலயும் அப்படித்தாம்மா" என்றார் அந்தம்மா. "தட்டுக்குப் பக்கத்துல கிண்ணத்துல பொரியல் வச்சா தொடவே மாட்டாரு. சோத்த மட்டும் தின்னுட்டு எந்திரிச்சிருவாரு. எஞ் சமையல் பிடிக்கலன்னு நெனச்சு மூணு வருசமா என்னென்னமோ மாத்தி மாத்திச் செஞ்சு வச்சேன்."

அந்தம்மா போன பிறகு வெகுநேரம் எனக்கு வேலை ஓடவில்லை. வணக்கத்துக்குத் திரும்பாதது, நாற்காலி, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் எடுத்து வைத்து, எது நோய், எது குணம் என்று பிரித்துப் பார்த்தேன். பாட்டில் கவிழ்ந்தது நோய். என்னைத் திட்டியது குணம். பெரியவரைப் பார்க்காதது நோய். இருபது பேருக்குத் தெரிவது தனக்குத் தெரியவில்லையே என்று ஒரு நிமிடம்கூடச் சந்தேகப்படாதது குணம். 'நாத்து நடுற கண்ணு' எந்த டாக்டர் சீட்டிலும் வராது.

க்யூசி வேலையை முதலாளி எனக்குக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் சிம்மக்கல் பஸ் ஸ்டாப்பில் சாரைப் பார்த்தேன். பக்கத்தில் போய் நின்றேன், தெரியவில்லை. முன்னால் போய் நின்றேன்.

"நீயாம்மா. பாத்தியா என் நெலமய? எல்லாம் ஒங்க ஆபீஸ் கம்ப்யூட்டரப் பாத்துப் பாத்து வந்தது. கழுகு மாதிரி இருந்த கண்ணு" என்றார்.

"டாக்டர் அப்படிச் சொல்லலையே சார்."

"டாக்டருக்கு என்ன தெரியும்? கண்ணு யாருது?"

செல்வராணியைப் பற்றி ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. நானே சொன்னேன். "அந்தப் பொண்ணு பொய் சொல்லல சார். ஒரு வார்த்த பேசுறீங்களா? நம்பர் வாங்கித் தாரேன்."

"வேணும்னா செஞ்சேன்? தெரியாம நடந்தது. அதுகெல்லாம் வேல கெடைக்காமயா போயிரும்? காடு கரை இருக்கு." பஸ் ஒன்று வந்தது. "நம்ம பஸ்ஸா பாரு" என்றார். அவர் பஸ்தான். சொன்னேன். நன்றி சொல்லாமல் ஏறினார்.

அந்த ஆத்திரம் அடங்காமல்தான் ஞாயிற்றுக்கிழமை செல்வராணியைத் தேடிப் போனேன். டவுனில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் கேமரா அறையில் இருந்தாள். ஜன்னல் இல்லாத சின்ன அறை. சுவர் முழுக்கப் பதினாறு திரை. தீபாவளி நெருங்கும் நேரம், ஒவ்வொரு திரையிலும் கூட்டம் எறும்பு போல நகர்ந்துகொண்டிருந்தது. "வாங்கக்கா" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். கண்ணைத் திரைகளிலிருந்து எடுக்கவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். டிவி, சோதனை, டாக்டர், பஸ் ஸ்டாப்பில் அவர் பேசியது. அவர் குரலிலேயே பேசிக் காட்டினேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். "முதலாளி ஒன்னைத் திரும்ப வரச் சொன்னாரு" என்றும் சொன்னேன்.

"இப்ப யாரு க்யூசி?"

"நான்தான்."

"ம்" என்றாள். திரைகளில் கூட்டம் ஊர்ந்தது. அடுத்தவரைப் பற்றிப் பேசும் குரலில் சொன்னாள். "அவருக்குக் கண்ணு தெரியல. அவரு அழிச்சாரு. ஒங்களுக்குத் தெரிஞ்சுச்சுல்லக்கா?"

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். வீட்டு நிலவரம், அப்போதைய பயம். அவள் கையை உயர்த்தினாள், நான் நிறுத்திக்கொண்டேன். எனக்காக உயர்த்தியது இல்லை. மறுகையால் மேசை மேல் இருந்த போனை எடுத்துவிட்டிருந்தாள்.

"ரெண்டாவது மாடி, சேல செக்சன். நடுவுல மஞ்சக் கவுன் போட்ட புள்ள ஒண்ணு நிக்குது பாருங்க. சுத்தி எல்லாரும் போயிக்கிட்டிருக்காக, அது மட்டும் நகராம நிக்குது. அம்மாவ விட்டுருச்சு போல. சீக்கிரம் போங்க, அழுவப் போகுது."

நான் பதினாறு திரைகளிலும் தேடினேன். மஞ்சள் கவுனை நான் கண்டுபிடித்தபோது, சேலை மடித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி ஓடிப்போய் அந்தக் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்திருந்தாள்.